பெட்டியின் மேல் அச்சிட்டது தரம் அல்ல

ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ வீடு வாங்கிய தமிழ்க் குடும்பம், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் செய்ய நினைக்கும் முதல் வேலைகளில் ஒன்று, பழைய கம்பளத்தைப் பிடுங்கிவிட்டு மரத்தரை போடுவது. சனிக்கிழமை காலை கடைக்குப் போகும்போது மச்சானும் கூட வருவார். ஏற்கெனவே தரை போட்ட அனுபவமுள்ள பக்கத்து வீட்டு அண்ணையும் வருவார். கடைச் சுவரில் மாதிரிப் பலகைகள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொன்றின் பின்பக்கச் சீட்டிலும் மூன்று எண்கள்: ஜாங்கா கடினம் இவ்வளவு, பூச்சு இத்தனை அடுக்கு, உத்தரவாதம் இத்தனை ஆண்டு. மூன்றும் எதில் பெரிதோ அதுவே நல்ல தரை என்று விற்பவர் சொல்வார். அண்ணையும் ஆமோதிப்பார்.

இந்த நம்பிக்கை தமிழரிடம் மட்டும் உள்ளதல்ல. வட அமெரிக்காவில் ஆலையிலேயே பூச்சு பூசி வரும் மரத்தரையை வாங்குகிறவர்களில் பலர் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இது தவறான வழி. வாங்கப்போகும் பலகை நன்றாகச் செய்யப்பட்டதா என்ற ஒரே முக்கியமான கேள்விக்கு அந்த மூன்று எண்களில் ஒன்றுகூடப் பதில் சொல்வதில்லை. முதல் எண் ஒரு மரத்தின் இனத்தைப் பற்றியது. இரண்டாவது ஆலையின் வேலைமுறையைப் பற்றியது. மூன்றாவது ஓர் ஒப்பந்தத்தின் தலைப்பு. மரத்தை அறுத்து, உலர்த்தி, இழைத்து, காடி வெட்டிய வேலையில்தான் பலகையின் தரம் இருக்கிறது. அந்த வேலைக்கு எந்தச் சீட்டிலும் எண் கிடையாது.

ஆலைப் பூச்சுத் தரையில் இந்தத் தவறு ஏன் அதிகம் வலிக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பழைய முறையில் பூச்சில்லாத பலகையை அறையில் ஆணியடித்துப் பதித்த பிறகு, இயந்திரத்தில் உப்புத்தாள் கட்டித் தரை முழுவதையும் ஒரே மட்டமாகத் தேய்ப்பார்கள். ஒரு பலகை அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலும் அந்தத் தேய்ப்பில் சமமாகிவிடும். அதன் பிறகுதான் பூச்சு. ஆலைப் பூச்சுத் தரைக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. பலகை பெட்டியிலிருந்து எப்படி வருகிறதோ அப்படியேதான் காலத்துக்கும் காலடியில் கிடக்கும். மேடு பள்ளத்தை மறைக்கத்தான் பெரும்பாலான ஆலைகள் பலகையின் ஓரங்களைச் சற்றே சரிவாகச் சீவி விடுகின்றன. கண்ணுக்குப் பள்ளக்கோடாகத் தெரியும் அந்தச் சரிவு ஓர் அழகு வேலை மட்டுமல்ல. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் உயர வித்தியாசத்தை அது விழுங்கிக்கொள்கிறது. சரிவு ஆழமாக இருந்தால், ஆலை தன் இழைப்பு வேலையை எந்த அளவுக்கு நம்புகிறது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

முதலில் ஜாங்கா எண். கேப்ரியல் ஜாங்கா ஆஸ்திரிய மர ஆய்வாளர். ஸ்வீடனைச் சேர்ந்த ப்ரினெல் 1900-இல் உலோகங்களுக்காகக் கண்ட கடினச் சோதனையை, 1906-இல் அவர் மரத்துக்கு ஏற்ப மாற்றினார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை மரத்தில் பாதி புதையும் வரை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதே அளவு. விட்டம் ஏன் இப்படி ஒழுங்கற்ற எண்ணாக இருக்கிறது என்றால், பாதி புதைந்த குண்டு மரத்தில் பதிக்கும் வட்டத்தின் பரப்பு அப்போது சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர். நேர்மையான, தெளிவான சோதனை. அதன்படி சிவப்பு ஓக் 1290 பவுண்டு, வெள்ளை ஓக் 1360, ஹார்ட் மேப்பிள் 1450, ஹிக்கரி 1820, பிரேசிலியன் செரி என்று விற்கப்படும் மரம் 2350.

சோதனையில் பிழை இல்லை. அது எதை அளக்கிறதோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அதைச் சாட்சியாக அழைப்பதில்தான் பிழை. ஜாங்கா சோதனை, கணுவில்லாத, பூச்சில்லாத, 12 சதவீத ஈரப்பதமுள்ள முழு மரத்துண்டில் செய்யப்படுவது. கடையில் உள்ள பலகையோ பல சமயம் எஞ்சினியர்டு பலகை. மேலே இரண்டு மில்லிமீட்டர் ஹிக்கரி, அடியில் மென்மையான மலிவு மரத்தில் செய்த பிளைவுட். சீட்டில் மட்டும் 1820. மேலே விழும் கனமான பொருளுக்கு அடியில் இருக்கும் மென்மரமும் சேர்ந்துதான் இடம் கொடுக்கும். அந்த எண் அந்தப் பலகையினுடையது அல்ல. அதன் மேல்தோலாக ஒட்டியிருக்கும் மரத்தின் இனத்தினுடையது.

கடினமே தரம் என்றால் தேக்கு இரண்டாந்தர மரமாகிவிடும். தேக்கின் ஜாங்கா எண் சுமார் 1000 முதல் 1150 வரை. சிவப்பு ஓக்கைவிடக் குறைவு. ஆனால் செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்திறங்கிய பர்மாத் தேக்கின் தூண்களும் கதவுகளும் தலைமுறைகள் தாண்டி நேராக நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் எந்தத் தச்சரைக் கேட்டாலும் தேக்கைப் புகழ்வார். அது கல்லைப் போல இருப்பதால் அல்ல. வைரம் பாய்ந்த தேக்கு கோணாது, முறுக்காது, மழைக்காலத்தில் உப்பிக் கதவை இறுக்காது என்பதால். ஊரில் கதவு செய்யும்போது தெரிந்திருந்த இந்த அறிவை, கனடாவுக்கு வந்து தரை வாங்கும்போது கைவிட வேண்டியதில்லை.

இதே போன்ற உதாரணங்கள் இந்தக் கண்டத்திலேயே இருக்கின்றன. கிழக்கு வெள்ளைப் பைனின் ஜாங்கா எண் வெறும் 380. நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் மரம். ஆனாலும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலும் க்யூபெக்கிலும் அகலமான பைன் பலகைத் தரைகள் இருநூறு ஆண்டு கடந்தும் பழைய வீடுகளில் கிடக்கின்றன. குழிகளும் கீறல்களும் நிறையவே உண்டு. ஆனால் தரை தரையாகவே இருக்கிறது. டொரொன்டோவின் நூறாண்டு வீடுகள் பலவற்றில் இன்றும் மிதிபடும் ஓக் பட்டைகள் ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாதவை. பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் புகழ்பெற்ற கட்டத்தரையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மரத் தட்டுப்பாடு நிலவிய 1946-இல், கிடைத்த ஓக் துண்டுகளைச் சதுரம் சதுரமாகக் கோத்து அதைச் செய்தார்கள். கூடைப்பந்துக்கு மேப்பிள்தான் என்ற வழக்கத்தை மீறிய அந்தத் துண்டு மரத்தரை அரை நூற்றாண்டு ஆட்டத்தைத் தாங்கியது.

மரத்தரையைக் கெடுப்பது பெரும்பாலும் அடியோ குத்தோ அல்ல. காற்றில் உள்ள ஈரம்.

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. 21 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், மரத்துக்குள் ஈரம் 9.2 சதவீதத்தில் நிலைகொள்ளும். காற்று 20 சதவீதத்துக்கு வறண்டால் மரம் 4.5 சதவீதத்துக்கு இறங்கும். ஒன்டாரியோவில் இது கற்பனை அல்ல. ஜனவரியில் சூடேற்றி ஓயாமல் ஓடும் வீட்டில், ஈரமூட்டி இல்லையென்றால் காற்று எளிதில் அந்த அளவுக்கு வறளும். ஈரம் இறங்கும்போது பலகை அகலவாட்டில் சுருங்கும். சிவப்பு ஓக் ஒவ்வொரு ஒரு சதவீத ஈர மாற்றத்துக்கும் தன் அகலத்தில் 0.00369 பங்கு மாறும். ஐந்து அங்குலப் பலகைக்குக் கணக்குப் போட்டால், ஒரே குளிர்காலத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் இடையில் ஒரு நாணயம் விழும் இடைவெளி அது. அதே மரத்தைப் பழைய இரண்டேகால் அங்குலப் பட்டையாக வாங்கினால் சுருக்கம் ஒரு மில்லிமீட்டர்தான்.

இப்போது ஜாங்கா பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டும். 1820 என்று பெருமையாக அச்சிடப்படும் ஹிக்கரியின் அசைவுக் குணகம், அதாவது ஒரு சதவீத ஈர மாற்றத்துக்கு அகலம் மாறும் பங்கு, 0.00411; ஓக்கைவிட அதிகம். பட்டியலில் தாழ்ந்து கிடக்கும் தேக்கின் குணகம் 0.00186, ஓக்கில் ஏறக்குறையப் பாதி. குளிர்காலத்தில் பிளக்கும் தரை வேண்டாம் என்பதே ஒரு குடும்பத்தின் கவலை என்றால், பெரிய ஜாங்கா எண்ணைத் தேடிப் போவது அவர்களைத் தவறான பெட்டியிடமே கொண்டுபோய் நிறுத்தும். அகலப் பலகை மோகம் இன்று உச்சத்தில் இருக்கிறது. ஏழு அங்குலம், எட்டு அங்குலம் என்று கேட்டு வாங்குகிறார்கள். பலகை அகலமாக ஆக, மரம் எவ்வளவு கடினமானது என்ற கேள்வி சிறுத்து, அது எவ்வளவு சரியாக உலர்த்தப்பட்டது, எந்த வாட்டில் அறுக்கப்பட்டது என்ற கேள்வி பெரிதாகிறது. அதைக் கடையில் கேட்பவர் மிகச் சிலர்.

நாய் வளர்க்கிறோம், அதனால் கடினமான மரம் வேண்டும் என்பது இன்னொரு வழக்கமான வாதம். நாயின் நகம் முதலில் கீறுவது மரத்தை அல்ல, பூச்சை. ஆயிரம் எண்ணுள்ள மரமானாலும் இரண்டாயிரம் எண்ணுள்ள மரமானாலும் மேலே இருக்கும் பூச்சு ஒன்றே. கனமான அம்மிக்குழவியோ இரும்புச் சட்டியோ கைதவறி விழும்போதுதான் ஜாங்கா எண்ணுக்கு வேலை. அந்த உதவியை மறுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பூச்சின் கதையும் இப்படித்தான். புறஊதா விளக்கில் இறுக்கிய யூரித்தேன் பூச்சில் அலுமினியம் ஆக்சைடு துகள்களைக் கலக்கிறார்கள். மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமமோ அதே கனிமம். தேய்மானத்தை அது உண்மையிலேயே நன்றாகத் தாங்கும். ஆனால் ஏழு அடுக்கு, பத்து அடுக்கு என்ற எண்ணிக்கையில் பொருள் இல்லை; பத்து அடுக்கும் சேர்ந்தால்கூட அது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஒரு ஆலையின் மெல்லிய பத்து அடுக்கைவிட இன்னொரு ஆலையின் ஆறு அடுக்கு தடித்திருக்கலாம். டேபர் தேய்ப்புச் சோதனையின் சுற்று எண்ணிக்கையையும் சிலர் காட்டுவார்கள். அந்தச் சோதனையில் சுழலும் தேய்ப்புச் சக்கரங்கள் பலவகை. ஒருவகைச் சக்கரத்தில் கிடைத்த எண்ணை இன்னொரு வகைச் சக்கரத்து எண்ணோடு ஒப்பிட முடியாது. எந்தச் சக்கரம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த எண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மரத்தோடு பூச்சு எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. பிடிப்பு இல்லாத பூச்சு எத்தனை அடுக்கானாலும் ஓரத்திலிருந்து உரியும்.

உத்தரவாதத்துக்கு வருவோம். குடும்பங்கள் மிகவும் நம்புவதும் மிகவும் ஏமாறுவதும் இதில்தான். 25 ஆண்டு, 35 ஆண்டு, 50 ஆண்டு, வாழ்நாள். பொதுவாக இந்த ஆண்டுக்கணக்கு பூச்சுத் தேய்மானத்துக்கு மட்டுமே. அங்கே தேய்மானம் என்பதற்குப் பொருள், பூச்சு முழுவதும் போய் மரம் வெளியே தெரிவது. கீறல் அதில் சேராது. பளபளப்பு மங்குவது சேராது. குழி, நாய் நகம், கூரான செருப்புக் குதி, தண்ணீர், வெயிலில் நிறம் மாறுதல் எதுவும் சேராது. வீட்டின் ஈரப்பதம் சொன்ன எல்லைக்குள் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் உண்டு. இடைவெளி, கோணல், ஓரம் தூக்குதல் போன்ற, உண்மையில் நடக்கும் கோளாறுகள் அந்த ஒரே நிபந்தனையில் வெளியே தள்ளப்படும்.

அதைவிட முக்கியமான வரி ஒன்று பதிக்கும் முறைத் தாளில் இருக்கிறது. பதித்த பலகை ஏற்றுக்கொண்ட பலகை. கண்ணுக்குத் தெரியும் குறையுள்ள பலகையை ஆணியடித்துவிட்டால், பிறகு அதைப் பற்றி முறையிட இடமில்லை. பொறுக்கி ஒதுக்க வேண்டியது பதிப்பவரின் கடமை. மொத்தச் சரக்கில் ஐந்து சதவீதம் வரை குறைப் பலகைகள் இருக்கலாம் என்பதும் இத்தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். ஆயிரம் சதுர அடிக்கு ஐம்பது சதுர அடி. அரை நூற்றாண்டு உத்தரவாதம் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து பாராமலே பதிக்கச் சொல்லும் குடும்பம், உத்தரவாதத்தின் மிகப் பயனுள்ள பகுதியை முதல் நாளே கைவிட்டுவிடுகிறது.

உத்தரவாதம் தருபவர் அவ்வளவு காலம் இருப்பாரா என்ற கேள்வியும் வெறும் பேச்சு அல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய தரைக் கடைத் தொடர்களில் ஒன்றான லம்பர் லிக்விடேட்டர்ஸ் தொண்ணூறுகளில் தொடங்கிய நிறுவனம். 2015 மார்ச்சில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, அது விற்ற சீனத் தயாரிப்பு லாமினேட் தரையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு அளவுக்கு மேல் வெளியாவதாகவும், பெட்டியிலோ கலிஃபோர்னிய விதிக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருந்ததாகவும் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சட்டவிரோதமாக வெட்டிய மரத்தால் செய்த தரை தொடர்பான குற்றச்சாட்டுகளை நிறுவனம் ஒப்புக்கொண்டது; அடுத்த ஆண்டு 1.3 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பானது. பிறகு எல்எல் ஃப்ளோரிங் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2024 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. கடைகளில் ஒரு பகுதியை நிறுவனரோடு தொடர்புடைய முதலீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. இந்த நிகழ்வுகளில் வாங்குபவருக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. பெட்டியில் அச்சிட்டிருப்பது தானாகவே உண்மையாகிவிடாது. மரத்தரைக் கடை ஒன்றின் ஆயுள் அதன் உத்தரவாதச் சீட்டில் உள்ள ஆண்டுகளைவிடக் குறைவாக இருக்கலாம்.

பெயர்களையும் அப்படியே நம்பக் கூடாது. பிரேசிலியன் செரி செரி மரமே அல்ல. அதன் உண்மைப் பெயர் ஜட்டோபா; அவரை இனக் குடும்பத்து மரம், நம் ஊர்ப் புளியமரத்துக்கு நெருங்கிய உறவு. வெளிச்சம் பட்டால் வெகுவாகக் கறுக்கும். சோபாவும் விரிப்பும் கிடந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். கடையில் பார்த்த மாதிரியின் நிறம் ஆறு மாதத்தில் வீட்டில் இருக்காது. பிரேசிலியன் தேக்கும் தேக்கு அல்ல. அது குமாரு என்ற வேறு மரம். மலேசியன் ஓக் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் ரப்பர் மரம். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய அதே மரம்தான், பால் வற்றியதும் அறுபட்டுப் பலகையாகிறது. அதில் இழிவு ஏதும் இல்லை; ஓக்கின் விலை கொடுத்து வாங்குவதில்தான் நட்டம்.

தரப்பிரிவுப் பெயர்களும் இதே குழப்பம் தருகின்றன. செலக்ட், நம்பர் 1 காமன், நம்பர் 2 காமன் என்ற ஓக் பிரிவுகள் பலகையின் வலிமையைப் பற்றியவை அல்ல. கணு, நிற வேறுபாடு, கனிமக் கோடு எவ்வளவு இருக்கலாம், பலகைகள் எவ்வளவு நீளம் என்பதைப் பற்றியவை. நன்றாக இழைத்த காமன் பலகை, மோசமாக இழைத்த செலக்ட் பலகையைவிட நல்ல தரையாகும்.

சாலிட் என்றால் அசல், எஞ்சினியர்டு என்றால் போலி என்ற பேச்சையும் இங்கேயே மறுத்துவிடலாம். முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் முழுமரப் பலகையில் திரும்பத் தேய்க்கக் கிடைப்பது, பக்கத்துப் பலகையின் காடிக்குள் இறங்கும் நாக்குக்கு மேலே உள்ள ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் மட்டுமே. மீதி மரம் ஒருபோதும் மேலே வராது. நான்கு மில்லிமீட்டர் மேல்மரமுள்ள நல்ல எஞ்சினியர்டு பலகையை இரண்டு மூன்று தடவை தேய்க்க முடியும். ஒரு குடும்பம் ஒரு வீட்டில் வாழும் காலத்துக்கு அது போதும். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறி ஒட்டப்பட்டிருப்பதால், முன்னே சொன்ன குளிர்காலச் சுருக்கமும் அதில் மிகக் குறைவு. காண்டோ கட்டடத்துக் காங்கிரீட் தளத்துக்கும் நிலத்தடி பேஸ்மென்டுக்கும் முழுமரம் ஏற்றதே அல்ல. ஆனால் எஞ்சினியர்டு என்ற பெயரிலேயே 0.6 மில்லிமீட்டர் தோல் ஒட்டிய பலகையும் விற்கப்படுகிறது. அதை ஒரு தடவைகூடத் தேய்க்க முடியாது. ஆகவே கேட்க வேண்டியது சாலிடா எஞ்சினியர்டா என்பதல்ல. மேல்மரம் எத்தனை மில்லிமீட்டர், அதை வாளால் அறுத்தார்களா, பென்சில் சீவுவதுபோல மரத்தைச் சுழற்றி உரித்தார்களா என்பதே. உரித்த தோலில் ரேகை காட்டுத்தனமாக விரிந்து பிளைவுட்டைப்போலத் தெரியும். உள் அடுக்குகளை ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடுக்குக் கனடாவில் 2023 ஜனவரி 7 முதல் சட்ட வரம்பு இருக்கிறது. அதற்கான சான்றுத் தாளைக் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவுக்கும் எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. சாதாரண மனிதர் தச்சர் அல்ல. ஆய்வுக்கூடமும் அவரிடம் இல்லை. அச்சிட்ட எண்களை நம்பாமல் எதை நம்புவார் என்று கேட்பார்கள். கேள்வி சரி. ஆனால் பதில் இல்லாத கேள்வி அல்ல. ஆலைப் பூச்சுத் தரையைப் போல வாங்குபவரே எளிதில் சோதிக்கக்கூடிய கட்டடப் பொருள் வேறு அதிகம் இல்லை. முடிந்த பண்டம், கைக்கு அடக்கமான துண்டுகளாகப் பெட்டியில் இருக்கிறது. அரைமணி நேரமும் பத்துப் பலகைகளும் போதும்.

கடைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதிரியை விட்டுவிட வேண்டும். அது பொறுக்கியெடுத்த பலகை. கிடங்கிலிருந்து ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து, பத்துப் பலகைகளைச் சமமான தரையில் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி விரிக்கலாம். சுத்தியல் தொடாமல், கைவிரல் அழுத்தத்திலேயே நாக்கு காடிக்குள் இறங்கி இணைப்பு மூட வேண்டும். தள்ளத் தள்ள மூடாத இணைப்பும், தொட்டாலே ஆடும் இணைப்பும் இரண்டுமே கெட்ட செய்தி. மூடிய இணைப்பின் குறுக்கே நகத்தை இழுத்தால் நகம் எங்கெல்லாம் தட்டுகிறதோ அங்கெல்லாம் உயர வித்தியாசம் இருக்கிறது. இரண்டு பலகையில் தட்டினால் மன்னிக்கலாம். ஐந்தில் தட்டினால் ஆலையின் இழைப்பு வேலை சரியில்லை.

பிறகு பத்தையும் பக்கவாட்டில் நிமிர்த்தி, புத்தகம் அடுக்குவதுபோல் சேர்த்துப் பிடித்து, மேல் விளிம்பில் உள்ளங்கையை ஓட்டலாம். அகலம் ஒன்றுபோல் இருந்தால் கை வழுக்கிப் போகும். இரண்டு பலகைகளின் நீள விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வில்போல் வளைந்தது தெரிந்துவிடும். புரட்டிப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் கவனித்து ஆலை கைவிட்ட வேலையெல்லாம் அங்கேதான் தெரியும். நாக்கு எங்கே உடைந்திருக்கிறது, காடிக்குள் சிராய்கள் எவ்வளவு, குறுக்கு முனைகளிலும் நாக்கும் காடியும் இருக்கிறதா என்று பார்க்கலாம். பலகைகளின் நீளத்தையும் எண்ண வேண்டும். மலிவுப் பெட்டியில் ஒன்றரை அடிக் குட்டைத் துண்டுகளே நிறைந்திருக்கும். பதித்த பிறகு தரை செங்கல் சுவர்போலத் துண்டு துண்டாகத் தெரிவது அதனால்தான். சதுர அடி விலை குறைந்ததன் காரணமும் பல சமயம் அதுவே.

பூச்சுக்கு ஒரு நாணயம் போதும். ஓரமாக ஒரு கோடு இழுத்தால் எந்தப் பூச்சிலும் தடம் தெரியும். தடம் வெள்ளையாகப் பொடிந்தால் பூச்சு நொறுங்கும் தன்மையுடையது. பலகையைக் குறுக்கே அறுக்கக் கடைக்காரரைக் கேட்கலாம். வாள் போன விளிம்பில் பூச்சு செதில் செதிலாகத் தெறித்திருந்தால் பிடிப்பு இல்லை. அறுத்த அதே முகத்தில் எஞ்சினியர்டு பலகையின் அடுக்குகளை எண்ணலாம், மேல்மரத்தை அளவுகோல் வைத்து அளக்கலாம், அடுக்குகளுக்குள் பொந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். வெட்டிய துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் இரவு தண்ணீரில் போடுவது கடுமையான சோதனைதான். கொஞ்சம் வீங்கட்டும், நிறம் மாறட்டும். காலையில் அடுக்குகள் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

ஊசி வைத்த ஈரமானி ஒன்று கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கிறது. பலகையில் குத்தினால் 6 முதல் 9 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். அதே கருவியால் வீட்டின் அடித்தளப் பிளைவுட்டையும் குத்திப் பார்க்க வேண்டும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பட்டை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அகலப் பலகை என்றால் 2 சதவீதம். இதைப் பார்க்காமல் பதிக்கும் ஆள், எவ்வளவு குறைந்த கூலி கேட்டாலும், அந்த வேலைக்கு ஆள் அல்ல. தரை போட்ட பிறகு அறையின் காற்று ஈரம் ஆண்டு முழுவதும் 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க, குளிர்காலத்துக்கு ஈரமூட்டியும் கோடைக்கு ஈரமகற்றியும் வேண்டும். அவற்றின் செலவைத் தரையின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவிய கைகளுக்கு, பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துவது கடினமாகத்தான் இருக்கும். ஆனாலும் மரத்தரையில் அந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

மேலே சொன்ன எதற்கும் ஜாங்கா எண்ணில் இடமில்லை, பூச்சு அடுக்கில் இடமில்லை, உத்தரவாத ஆண்டிலும் இடமில்லை. ஒரே இனம், ஒரே அடுக்கு, ஒரே ஆண்டு அச்சிட்ட இரண்டு ஆலைகளின் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் நகமே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகிறவர்கள் முழு வீட்டுக்கும் சேர்த்து வாங்காதீர்கள். முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கி, உங்கள் கூடத்திலேயே பத்துப் பலகையை விரித்துப் பாருங்கள். பெட்டியைத் திறந்து காட்டவும் மாட்டோம், ஒற்றைப் பெட்டியாக விற்கவும் மாட்டோம் என்று சொல்லும் கடையில், எத்தனை ஆண்டு உத்தரவாதம் தந்தாலும், ஆயிரம் சதுர அடிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.